மலக்குடல் புற்றுநோய் ஆய்வில் சேர விரும்புகிறவர்களுக்கு: முதல் ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டியவை

என் அண்ணனுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று உறுதியான பதினோராம் நாள் முதல் கீமோ ஏறிவிட்டது. பதினான்காம் நாள், அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு மருத்துவ ஆய்வு நடப்பது எனக்குத் தெரிய வந்தது. உடனே போன் செய்தேன். எடுத்தவர் வயது கேட்டார், கட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார், கடைசியாக, "சிகிச்சை ஏதாவது ஆரம்பிச்சிட்டாங்களா சார்?" என்றார். "ஒரே ஒரு டோஸ்தான்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். "அப்படின்னா சேர்க்க முடியாது சார், மன்னிச்சிருங்க."

மூன்று நாள் வித்தியாசம். அதற்கப்புறம் பல மாதம் கழித்து, அறுவை சிகிச்சையில் வரும் சிக்கல்களைக் குறைப்பதற்கான இன்னொரு ஆய்வில் அண்ணன் சேர்ந்தார். அதற்குள் எந்தக் காகிதம் எதற்கு, எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்பதெல்லாம் அலைந்து திரிந்துதான் புரிந்தது. நான் மருத்துவன் இல்லை, ஃபைல் தூக்கிக்கொண்டு நடந்தவன். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரோடுதான் எடுக்க வேண்டும். அவர் முன்னால் போய் உட்காரும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1. பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்றே கேளுங்கள்

புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ ஆபரேஷனோ இன்னும் ஆரம்பிக்காதவர்களைத்தான் மலக்குடல் புற்றுநோய்க்கான சிகிச்சை ஆய்வுகளில் பல எடுத்துக்கொள்ளும். ஒரு டோஸ் ஏறினாலும் அந்தக் கதவு சாத்திவிடும். ஆகவே மருத்துவர் சிகிச்சைத் தேதி குறிக்கும்போதே இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: "எனக்குப் பொருந்துகிற ஆய்வு இங்கேயோ வேறு மருத்துவமனையிலோ நடக்கிறதா? இரண்டு வாரம் பொறுத்து ஆரம்பித்தால் ஆபத்தா? எல்லாத் துறை மருத்துவர்களும் சேர்ந்து உட்காரும் டியூமர் போர்டில் என் கேஸைப் பேசினீர்களா?"

"புற்றுநோயாச்சே, ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். குடல் அடைத்துக்கொண்டாலோ, ஓட்டை விழுந்தாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ அது அவசரம்தான், அப்போது ஆய்வைப் பற்றி யோசிக்கவே கூடாது. அப்படி எதுவும் இல்லையென்றால், நோயின் நிலையைச் சரியாகக் கண்டறிய ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்வது வழக்கமான நடைமுறைதான். உங்கள் நிலைமையில் அந்த அவகாசம் இருக்கிறதா என்று மருத்துவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் டோஸுக்கு முன்னால் இன்னும் இரண்டு விஷயம். இனிமேல் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால், விந்தணு அல்லது கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றி இப்போதே பேசுங்கள். இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு கொடுத்தபின் பேசிப் பயனில்லை. இரண்டாவது, கேப்சைட்டபின் அல்லது ஃபைவ் எஃப்.யு. என்ற கீமோ மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால், அதை உடலில் சிதைக்கும் டி.பி.டி. என்ற நொதியின் குறைபாட்டுக்கான ரத்தப் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். அந்த நொதி குறைவாக உள்ள சிலருக்கு வழக்கமான அளவு மருந்தே நஞ்சாகிவிடும்.

2. உங்கள் நோயை ஆறு வரியில் எழுதி வையுங்கள்

ஆய்வு நடத்துகிறவர்களுக்குப் போன் செய்தால் அவர்கள் கேட்பது கதையை அல்ல. ஒரு தாளில் இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் பொருந்துமா பொருந்தாதா என்று சொல்லிவிடுவார்கள்.

முதலில் உயரம். ஆசனவாய் விளிம்பிலிருந்து கட்டியின் கீழ்முனை எத்தனை சென்டிமீட்டர்? மலக்குடல் என்பது தோராயமாக 15 சென்டிமீட்டர் வரை. சில ஆய்வுகள் அதற்குள் எங்கிருந்தாலும் எடுக்கும், சில 10 அல்லது 12 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் எடுக்கும். அண்ணனுடைய முதல் கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டில் "மலக்குடலில் வளர்ச்சி காணப்படுகிறது" என்று மட்டும் இருந்தது. எண்ணே இல்லை. அந்த ஒரு எண்ணுக்காக இரண்டு முறை திரும்பப் போய் நிற்க வேண்டியிருந்தது.

அடுத்தது எம்.ஆர்.ஐ. சொல்லும் நிலை: கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நெறிக்கட்டிகளில் பரவியிருக்கிறதா என்பது. டி, என் என்று எழுதியிருப்பார்கள். மூன்றாவது, மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையின் எல்லைக்கும் கட்டிக்கும் உள்ள இடைவெளி. அது 1 மில்லிமீட்டருக்குள் என்றால் எல்லை பாதிக்கப்பட்டதாகவே கணக்கு, சிகிச்சைத் திட்டமே மாறும். நான்காவது, சி.டி.யில் கல்லீரலும் நுரையீரலும் சுத்தமா என்பது. ஐந்தாவது, சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு.

ஆறாவது வரியை யாரும் உங்களுக்காகக் கேட்க மாட்டார்கள், அதனால் நீங்களே கேட்க வேண்டும்: எம்.எம்.ஆர். சோதனை. பயாப்ஸி எடுத்த அதே சதைத் துணுக்கில் சாயமேற்றிப் பார்ப்பது, புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை. மலக்குடல் புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 சதவீதத்தில், மரபணுவில் வரும் பிழைகளைப் பழுதுபார்க்கும் எம்.எம்.ஆர். புரதம் குறைவாக இருக்கும். 2022இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை நோயாளிகளுக்கு டோஸ்டார்லிமேப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு மாதம் கொடுத்தார்கள். முதலில் சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் மறைந்தது. 2025இல் அது 49 பேராக விரிந்தபோதும் அப்படியே. கீமோ இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஆபரேஷன் இல்லை. பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குத்தான் பொருந்தும் என்றாலும், நீங்கள் அந்த ஒருவரா என்று தெரியாமல் கதிர்வீச்சு ஆரம்பித்துவிட்டால் அதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

3. எந்த வகை ஆய்வு என்று புரிந்துகொள்ளுங்கள்

"டிரையல்" என்றதும் பெரும்பாலோர் நினைப்பது யாருக்கும் கொடுக்காத ஒரு புது மருந்தை. இந்த நோயைப் பொறுத்தவரை பல ஆய்வுகள் அப்படியில்லை. ஏற்கெனவே உள்ள சிகிச்சைகளை எந்த வரிசையில், எவ்வளவு கொடுப்பது, எதை விட்டுவிடலாம் என்பதுதான் கேள்வி.

ஆபரேஷனுக்கு முந்தைய சிகிச்சை பற்றியவை ஒரு வகை. கதிர்வீச்சை ஐந்து நாளில் ஐந்து வேளையாகக் கொடுப்பதா, ஐந்து வாரத்துக்கு மேல் சிறுகச் சிறுகக் கொடுப்பதா? கீமோ முழுவதையும் ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடலாமா? ராபிடோ என்ற ஆய்வில் ஐந்து நாள் கதிர்வீச்சுக்கு அப்புறம் கீமோவும் முடித்து ஆபரேஷன் செய்தார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது. ஆனால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் இடுப்புக்குள்ளேயே நோய் திரும்பியவர்கள் இந்தக் குழுவில் 10 சதவீதம், பழைய முறையில் 6 சதவீதம். முதலில் வரும் முடிவை மட்டும் பார்த்துத் துள்ளக் கூடாது என்பதற்கு இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். 2023இல் வந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வு வேறு திசையில் போனது. நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்கு முதலில் கீமோ மட்டும் கொடுத்து, கட்டி போதுமான அளவு சுருங்காதவர்களுக்கே கதிர்வீச்சு. ஐந்து ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 80.8 சதவீதம், எல்லோருக்கும் கதிர்வீச்சு கொடுத்த குழுவில் 78.6 சதவீதம். அதாவது பலருக்குக் கதிர்வீச்சு இல்லாமலே காரியம் நடந்தது.

இரண்டாவது வகை, மலக்குடலையே வெட்டாமல் காப்பாற்றப் பார்ப்பவை. கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தபின் கட்டி முழுக்க மறைந்துவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பார்கள். ஓப்ரா என்ற ஆய்வில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மூன்றாண்டு கழித்தும் மலக்குடல் அப்படியே இருந்தது. கேட்கும்போது இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதில் சேர்கிறவர் ஒரு கண்டிப்பான கால அட்டவணைக்குக் கையெழுத்துப் போடுகிறார். பல நாடுகளிலிருந்து 880 பேரின் விவரங்களைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட பதிவேட்டின்படி, இரண்டாண்டுக்குள் சுமார் 25 சதவீதம் பேருக்குக் கட்டி அதே இடத்தில் மறுபடி முளைத்தது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்துவிடலாம். மூன்று மாதத்துக்கொரு முறை வந்து போக முடியாதவர், வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர், இதில் சேரும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, ஆபரேஷனைப் பாதுகாப்பாக்கும் ஆய்வுகள். அண்ணன் சேர்ந்தது இதில்தான், அதனால் எட்டாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

4. தேடுவது எப்படி

மருத்துவரிடம் கேட்பதோடு நிறுத்தாமல் நீங்களும் தேடுங்கள். அமெரிக்க அரசின் கிளினிக்கல் டிரையல்ஸ் டாட் கவ், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுப் பதிவேட்டுத் தளம், இவை தவிர நாட்டுக்கு நாடு தனிப் பதிவேடுகள் உண்டு. எல்லாம் இலவசம். தேடும் சொல்லை ஆங்கிலத்தில் போட வேண்டியிருக்கும். "ரெக்டல்" என்று போட்டுத் தேடுங்கள், அப்புறம் "கோலோரெக்டல்" என்றும் தேடுங்கள். ஆபரேஷன் சிக்கல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் ஒளிந்திருக்கும், பெருங்குடல் நோயாளிகளோடு சேர்த்துப் பதிவு செய்திருப்பார்கள்.

ஆள் சேர்க்கப்படுகிறது என்று காட்டுபவற்றை மட்டும் வடிகட்டுங்கள். அப்படி வந்ததையும் நம்பிவிடாதீர்கள். பதிவேட்டைப் பல மாதமாகப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். நான் கூப்பிட்ட ஆறு இடங்களில் இரண்டில் சேர்க்கை எப்போதோ முடிந்திருந்தது. போன் செய்யும்போது ஆராய்ச்சியாளரைத் தேட வேண்டாம், "ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். தேதி கொடுப்பதும், காகிதம் சரிபார்ப்பதும், உங்கள் போனை எடுப்பதும் அவர்தான்.

ஒரு எச்சரிக்கை. உண்மையான ஆய்வுக்குப் பதிவு எண் இருக்கும், நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும். இவற்றைக் கேட்டதும் மழுப்புகிறவர், "ஆய்வில் சேர இவ்வளவு கட்டணம்" என்று ஆரம்பிக்கிறவர், நோய் நிச்சயம் குணமாகும் என்று உத்தரவாதம் கொடுக்கிறவர், மூன்று பேரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

5. ஃபைல்

- பயாப்ஸி ரிப்போர்ட், அதோடு மெழுகுக் கட்டையும் கண்ணாடித் தகடுகளும்
- கொலனோஸ்கோபி ரிப்போர்ட், படங்களுடன்
- இடுப்பு எம்.ஆர்.ஐ., மார்பு வயிறு சி.டி.: ரிப்போர்ட்டும் மூலப் படங்களும்
- ரத்தப் பரிசோதனைகள், தேதி வரிசையில்
- இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், நாட்டு மருந்து உட்பட
- பழைய ஆபரேஷன், இதயம், சிறுநீரகம் தொடர்பான டிஸ்சார்ஜ் சுருக்கங்கள்
- அடையாளச் சான்று, காப்பீட்டு ஆவணங்கள்

பட்டியலில் முதலாவதும் மூன்றாவதுமாக இருப்பவைதான் ஆளைக் கொல்லும். ஒரு ஆய்வு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் நான் கொடுத்த ஸ்கேன் குறுந்தட்டைக் கணினியில் போட்டார். சுற்றியது, நின்றது. திரையில் ஒரே ஒரு கோப்பு, திறந்தால் ரிப்போர்ட்டின் பிரதி. படம் ஒன்றுகூட இல்லை. மேலே அழகாக அண்ணன் பெயர், தேதி எல்லாம் பேனாவால் எழுதியிருந்தது, உள்ளே சரக்கில்லை. பெரிய ஃபிலிம் தாள்களை நீட்டினேன். "இதை வச்சு மில்லிமீட்டர் அளக்க முடியாது சார், டைகாம் படம் வேணும்" என்றார். ஸ்கேன் கருவி சேமிக்கும் மூலப் படக் கோப்புக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு நான்கு நாள் ஆனது.

ஆகவே ஸ்கேன் எடுத்த இடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே "டைகாம் வடிவில் எல்லாப் படமும் வேண்டும்" என்று கேட்டு வாங்கி, அங்கேயே ஒருமுறை திறந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான படங்கள் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

மெழுகுக் கட்டை என்பது உங்கள் சதைத் துணுக்கைப் பதப்படுத்தி வைத்த சிறு வில்லை. ஆய்வு மையம் அதைத் தங்கள் ஆய்வகத்தில் மறுபடி பார்க்கும். அதை எடுக்க எழுத்துபூர்வமான விண்ணப்பம் வேண்டும், கையெழுத்து வேண்டும், சில இடங்களில் வைப்புத்தொகைகூடக் கேட்பார்கள். கொடுத்த அன்றே கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், ஒரு வாரம் ஒதுக்குங்கள். கையில் வாங்கியதும் கட்டையின் எண்ணும் ரிப்போர்ட்டின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வெயிலில் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு மெழுகுதான்.

6. ஸ்கிரீனிங்: இங்கே நாள்கணக்குதான் எல்லாம்

ஃபைல் பிடித்துப்போனால் ஸ்கிரீனிங், அதாவது ஆய்வில் சேரத் தகுதி இருக்கிறதா என்ற சோதனை தொடங்கும். ஒப்புதல் கையெழுத்துக்கு அப்புறம்தான் ஆய்வுக்கான பரிசோதனைகள் செய்வார்கள், அதனால் அடுத்த படியில் உள்ளதையும் சேர்த்தே படியுங்கள். பொதுவாக ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், இதயம் பார்ப்பார்கள். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை உண்டு. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடிகிறதா என்பதற்கும் 0 முதல் 5 வரை ஒரு அளவுகோல் உண்டு, 0 என்றால் முன்போல எல்லாம் செய்கிறார் என்று பொருள். பெரும்பாலான ஆய்வுகள் 0 அல்லது 1 கேட்கும், சில 2 வரை ஏற்கும். அந்தக் கேள்விகளுக்கு நோயாளியே பதில் சொல்லட்டும். பாசத்தில் "எழுந்து நடக்கக்கூட முடியலைங்க" என்று நாம் மிகைப்படுத்தினால் அதுவே தடையாகிவிடும். முடியாததை முடியும் என்று மறைப்பது அதைவிட மோசம்.

பொறி எங்கே என்றால், பரிசோதனைகளுக்கு ஆயுள் உண்டு. பல ஆய்வுகளில் ஸ்கேன் நான்கு வாரத்துக்குள் எடுத்ததாகவும், ரத்தப் பரிசோதனை ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்ததாகவும் இருக்க வேண்டும். காகிதத்துக்கு அலைந்து நாள் போனால் எம்.ஆர்.ஐ. காலாவதியாகி மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஸ்கேன் தேதியை நடுவில் வைத்துக்கொண்டு மற்றதை அதற்குள் அடக்கத் திட்டமிடுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் முதல் போனிலிருந்து சிகிச்சை ஆரம்பம் வரை இரண்டு முதல் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

7. ஒப்புதல் படிவம்

இருபது முப்பது பக்கம் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நோயாளிக்குப் புரிகிற மொழியில் படிவம் கேளுங்கள், வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொல்வது போதாது.

குலுக்கல் முறைதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டையைக் கிளப்பியது. எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதை மருத்துவர் அல்ல, கணினி முடிவு செய்யும் என்று விளக்கினேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன்டா, சீட்டுக் குலுக்கிப் போட்டா எனக்கு வைத்தியம் பார்க்கப் போறாங்க?" என்றார். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: எது மேல் என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாதபோதுதான் குலுக்குவார்கள். இன்னொரு குழுவில் விழுந்தாலும் இப்போது எல்லோருக்கும் கொடுக்கிற தரமான சிகிச்சை கிடைக்கும், சும்மா விட்டுவிட மாட்டார்கள். ஆனால் "புதுக் குழுவில் போட்டுவிடுங்கள்" என்று யாரிடமும் சிபாரிசு பிடிக்க முடியாது. அதை ஏற்க முடியாவிட்டால் சேர வேண்டாம்.

படிவத்தில் தேடிப் பார்க்க வேண்டியவை: எதிர்பார்க்கப்படும் பக்கவிளைவுகள், ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு, மீதமுள்ள திசுவையும் ரத்தத்தையும் பிற்கால ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வார்களா, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற வரி கட்டாயம் இருக்கும். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களுக்கு. கேட்காமல் கொடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

செலவைப் பற்றி இந்த இடத்திலேயே பேசிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். சோதிக்கப்படும் மருந்தும், ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் கூடுதல் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பொதுவாக ஆய்வை நடத்துகிறவர் பொறுப்பு. எப்படியும் நடந்திருக்கக்கூடிய ஆபரேஷன், அறை வாடகை, வழக்கமான கீமோ ஆகியவை பெரும்பாலும் நோயாளி அல்லது காப்பீட்டின் பொறுப்பு. "இலவசம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் பில் வரும்போது முழிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எந்த வரி யார் கணக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பீடு இருந்தால், ஆய்வில் சேர்வதால் வழக்கமான சிகிச்சைக்கான தொகை மறுக்கப்படாது என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பயணம், தங்கல், கூட வருகிறவரின் சம்பள இழப்பு ஆகியவற்றைச் சில ஆய்வுகள் ஓரளவு ஈடுகட்டும், சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். கண்காணிப்பு வகை ஆய்வில் இந்தப் பயணச் செலவுதான் மெல்ல மெல்லப் பெரிதாகும்.

8. ஆபரேஷன் சிக்கல்களைக் குறைக்கும் ஆய்வுகள்

முதல் ஆய்வு கைநழுவியவர்கள் இதைக் கவனியுங்கள். கீமோ, கதிர்வீச்சு முடித்தவர்களையும் இந்த வகை ஆய்வுகளில் பல ஏற்றுக்கொள்ளும்.

மலக்குடலை எடுத்தபின் மேலுள்ள குடலைக் கீழே இழுத்துத் தைப்பார்கள். அந்தத் தையல் ஒட்டாமல் கசிவதுதான் எல்லோரும் பயப்படும் சிக்கல். இணைப்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு அபாயம் அதிகம். கசிவைக் குறைக்க என்ன வழி என்பதில் ஆய்வுகள் குவிந்திருக்கின்றன. தையல் ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகாமல் வயிற்றில் தற்காலிகப் பை வைப்பது அதில் நன்றாக நிரூபணமானது: 2007இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் பை வைத்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கும், வைக்காதவர்களில் 28 சதவீதம் பேருக்கும் கசிவு வந்தது. இந்த எண்ணைப் பார்த்தபிறகுதான் அண்ணன் பைக்குச் சம்மதித்தார்.

பச்சைச் சாயத்தை ரத்தக் குழாயில் ஏற்றி, சிறப்புக் கேமராவில் குடல் முனைக்கு ரத்த ஓட்டம் போகிறதா என்று ஆபரேஷன் மேசையிலேயே பார்ப்பது இன்னொன்று. ஜப்பானில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் கசிவு 11.8 சதவீதத்திலிருந்து 7.6ஆகக் குறைந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் நடந்த பில்லர்-3 ஆய்வில் 9.6, 9.0 என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது, அதுவும் ஆள் சேராமல் பாதியில் நின்றது. ஆள் சேராவிட்டால் பதிலும் கிடைக்காது, பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆபரேஷனுக்கு முன்னான தயாரிப்பு பற்றிய ஆய்வு. நான்கு வாரம் உடற்பயிற்சி, புரதம் கூட்டிய உணவு, புகையை நிறுத்துவது, மனத் தைரியத்துக்கு ஆலோசனை. 2023இல் வெளியான ப்ரீஹேப் ஆய்வில், பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன் செய்தவர்களில் கடுமையான சிக்கல் வந்தவர்கள் 17.1 சதவீதம், தயாரிப்பு இல்லாத குழுவில் 29.7 சதவீதம். இதற்கு நீங்கள் எந்த ஆய்விலும் சேரக்கூட வேண்டியதில்லை. ஐந்து வாரக் கதிர்வீச்சு முடிந்து ஆபரேஷன் வரை பொதுவாக ஆறு எட்டு வாரம் காத்திருப்பு உண்டு, அந்த இடைவெளியைப் படுத்தே கழிக்காதீர்கள். புகைப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தசோகை இருந்தால் அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள்.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: வருடத்துக்கு எத்தனை மலக்குடல் ஆபரேஷன் செய்கிறீர்கள், கசிவு எத்தனை பேருக்கு வந்தது, பை தற்காலிகமா நிரந்தரமா, எப்போது எடுப்பீர்கள்? ஆபரேஷனுக்கு முந்தைய நாளே ஸ்டோமா நர்ஸ், அதாவது பை பராமரிப்பில் பயிற்சி பெற்ற நர்ஸ் வந்து, உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்து வயிற்றில் பேனாவால் இடம் குறிக்க வேண்டும். பெல்ட் கட்டும் கோட்டிலோ மடிப்பிலோ பை விழுந்தால் ஒட்டாமல் கசிந்து உயிரை வாங்கும். அண்ணன் எப்போதும் உடுத்தும் உடையோடு உட்காரவைத்துக் குறித்தார்கள், அந்தப் பத்து நிமிடம் மூன்று மாத நிம்மதி.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், புதிதாக வயிற்றுவலி, படபடப்பு, கீழ்வழியாகச் சீழ் எது வந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சிறுகுடலில் வைத்த பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியேறினால் உடல் வறண்டு சிறுநீரகம் பாதிக்கும். அளவு ஜாடி ஒன்று வைத்துக்கொண்டு எழுதி வாருங்கள். ஆய்வில் இருப்பவர் வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போக நேர்ந்தால், ஆய்வு அட்டையைக் காட்டி ஒருங்கிணைப்பாளருக்கும் சொல்லிவிட வேண்டும்.

9. அதற்கப்புறம்

தற்காலிகப் பையைப் பொதுவாக இரண்டு மூன்று மாதத்தில் எடுப்பார்கள், நடுவில் கீமோ இருந்தால் தள்ளிப்போகும். எடுத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். அண்ணன் முதல் வாரம் ஒரு நாளைக்குப் பதினான்கு முறை ஓடினார். அவசரம், விட்டு விட்டுப் போவது, காற்றா மலமா என்று தெரியாமை, இதற்கெல்லாம் சேர்த்து லார்ஸ் என்று பெயர். ஐந்தே கேள்விகள் கொண்ட மதிப்பெண் தாள் இருக்கிறது, 0 முதல் 42 வரை. 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. இதை யாரும் தானாகக் கேட்பதில்லை, நோயாளியும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. ஆய்வில் இருந்ததால் அண்ணனிடம் ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தத் தாளை நீட்டினார்கள், எண் 36 என்று வந்தபின்தான் இடுப்புத்தள தசைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நீங்கள் ஆய்வில் இல்லாவிட்டாலும் அந்தத் தாளைக் கேட்டு நிரப்பி மருத்துவர் மேசையில் வையுங்கள்.

கண்காணிப்பு பொதுவாக ஐந்து வருடம். சி.இ.ஏ., ஸ்கேன், கொலனோஸ்கோபி தேதிகளை முதல் நாளே வாங்கி ஒரு நோட்டில் எழுதுங்கள். போன் எண் மாறினால் ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லுங்கள், ஆய்வு முடிவு வெளியாகும்போது எங்களுக்கும் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அண்ணனுக்கு இன்னும் இரண்டு வருடச் சந்திப்புகள் பாக்கி. லார்ஸ் தாளில் போன முறை 19 என்று வந்தது.